ஞானத்தகப்பன் அனுப்பிய கேமரா

ஒரூரோ
6 ஜனவரி 2008

தம்பி நெமேசியோ,

உன் கடிதத்தை எல்லை தாண்டி ஓடுகிற பஸ்ஸின் டிரைவர் இசித்ரோ கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பக்கக் கடிதத்தில் முக்கால் பக்கம், முதலாளி ஏன் லீவு தரமாட்டார் என்கிற விளக்கம்தான். திருவிழா நேரத்தில் கேமரா வியாபாரம் சூடு பிடிக்குமாம், நீ கவுண்ட்டரை விட்டு அசைந்தால் கடையே கவிழ்ந்துவிடுமாம். சரி, விடு. உன்னைக் கெஞ்சிக் கெஞ்சி எனக்கும் அலுத்துவிட்டது.

என் மகள் மரிசெலுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இனியும் முடி இறக்காமல் வைத்திருந்தால் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். பிப்ரவரி பத்தாம் தேதி, திருவிழா முடிகிற ஞாயிறு என்று நாள் குறித்தாகிவிட்டது. முடியைப் பின்னல் பின்னலாகப் பிரித்ததும் முதல் பின்னலை வெட்ட வேண்டிய ஞானத்தகப்பன் நீ. உனக்குப் பதிலாக அத்தானுடைய அண்ணன் கத்தரியைப் பிடிப்பார். அவருக்குக் கை நடுக்கம். பிள்ளையின் காது தப்பினால் போதும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

வர முடியாவிட்டாலும் ஒவ்வொரு பின்னலையும் வெட்டுவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பார்க்கலாம், ஒரே வழிதான் இருக்கிறது. ஞானத்தகப்பன் சீராக ஏதாவது அனுப்பத்தான் போகிறாய். கம்பளி வேண்டாம், பொம்மை வேண்டாம். ஒரு டிஜிட்டல் கேமரா அனுப்பு. உன் அத்தான் சிரியாக்கோ எடுப்பார், அச்சுப் போட்டு உனக்கு அனுப்புகிறேன். நீயே நேரில் இருந்த மாதிரி இருக்கும்.

எனக்குக் கேமரா பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன், எந்தக் கேமரா என்பதை நீ முடிவு செய். பாவாடைப் பைக்குள் அடங்க வேண்டும். விடியற்காலையில் சந்தையில் உட்கார்ந்து ஊதாச் சோளக் கஞ்சி காய்ச்சி விற்கிறவளுக்கு விரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், அதனால் பொத்தான் பட்டாணி அளவுக்காவது இருக்க வேண்டும். நம் கூடத்தில் ஒரே ஒரு பல்பு. அந்த வெளிச்சத்திலும் மனிதர்கள் மனிதர்களாகத் தெரிய வேண்டும்.

கஞ்சிக் கடைக்கு அடுத்த கடை ஹுஸ்தினாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் மகன் ஒரு கேமரா வாங்கிவிட்டான். "பன்னண்டு மெகாபிக்சல், தெரியுமா?" என்று சந்தை முழுக்கக் காட்டுகிறாள். அவள் எடுத்த படத்தில் எனக்கு முயல் மாதிரி சிவப்புக் கண். தலையில் தொப்பி பாதிதான் இருக்கிறது. இதில் பேச்சு வேறு: "ஒன் தம்பி கேமரா கடையில இருக்கான், இருக்கான்ங்கிறே. ஒரு கேமராவை கண்ணுல காட்டக் கூடாதா?" எனக்கு முகம் சுண்டிவிட்டது.

ஆகவே நல்லதாகப் பார்த்து அனுப்பு. உன் மானமும் என் மானமும் அதில் இருக்கிறது.

அக்கா செனோபியா


இக்கிக்கே
19 ஜனவரி 2008

அன்புள்ள அக்கா,

உன் மானத்தைப் பற்றிக் கவலைப்படாதே. இந்த இக்கிக்கே வரியில்லாக் கடைத்தெருவில் என்னைவிடக் கேமரா தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம்.

கடைக்கு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். எத்தனை மெகாபிக்சல்? நான் சொல்வேன்: "அதை அப்பறம் கேளுங்க. எங்க எடுக்கப் போறீங்க, யாரு எடுக்கப் போறாங்க, எடுத்ததை எவ்வளவு பெரிசா சுவத்துல மாட்டப் போறீங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல." ஆள் அப்படியே மலைத்துப் போவான். உன் விஷயத்திலும் இப்படித்தான் யோசித்தேன். மூன்று கேமராக்களைக் கவுண்ட்டர் கண்ணாடி மேல் வரிசையாக வைத்தேன்.

ஒன்று வெள்ளி நிறம், நகை மாதிரி மினுங்கியது. ஹுஸ்தினா மகன் வாங்கியதும் இதுவாகத்தான் இருக்கும். பன்னிரண்டு மெகாபிக்சல். ஆனால் அந்தச் சின்ன உடம்புக்குள் அத்தனையையும் திணித்தால், மங்கிய வெளிச்சத்தில் படத்தின் மேல் ரவை தூவின மாதிரி ஆகிவிடும். அச்சுப் போட்டு மேசையில் வைக்க ஏழு மெகாபிக்சலே தாராளம். இரண்டாவதில் பெரிய ஜூம். தூரத்துக் கோவில் மணியைக் கிட்டே காட்டும், ஆனால் பைக்குள் வைத்தால் பாவாடையே ஒரு பக்கம் இழுக்கும். கூடத்துக்குள் எடுக்கிறவளுக்கு அது எதற்கு? பெட்டியில் டிஜிட்டல் ஜூம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் ஏமாறவே கூடாது. இருக்கிற படத்தையே இழுத்துப் பெரிதாக்குகிற வேலை அது.

மூன்றாவதைத்தான் எடுத்திருக்கிறேன். கறுப்பு, ஏழு மெகாபிக்சல், கொஞ்சம் தடிமன். பார்வைக்கு ஒன்றுமில்லை, ஆனால் கையில் பிடித்தால் நழுவாது. எடுப்பவர் கை லேசாக ஆடினாலும் படம் ஆடாது. முக்கியமான ஒன்று சொல்கிறேன். பின்பக்கத் திரையைப் பார்த்து எடுப்பது இங்கே கடற்கரையில் சரிப்படும். நம்மூர் உச்சி வெயிலில் அந்தத் திரை கறுத்துப் போய் ஒன்றும் தெரியாது. அதனால் கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டை இருக்கிற கேமராவாகத் தேடினேன். இப்போது வருகிறவற்றில் பாதிக்கு அந்த ஓட்டையே கிடையாது. பொத்தானை என் விரலால் அமுக்கிப் பார்த்தேன். என் விரலும் உன் விரல் மாதிரிதான் ஆகிவிட்டது, பெட்டி பிரித்துப் பிரித்து.

பேட்டரியை முதலில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடு. குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், மடியில் சூடாக வைத்துக்கொள். ஃபிளாஷ் அடிக்கும்போது மூன்று எட்டுக்கு மேல் தள்ளி நிற்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல். உத்தரவாதச் சீட்டு பெட்டிக்குள் இருக்கிறது, எல்சிரா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எனக்குக் கீழே வேலை பார்க்கிற பெண், நல்ல மாதிரி.

ஐந்தாம் தேதி தெளிப்புச் செவ்வாய் வருகிறது. வீட்டுக்கும் கடைக்கும் பீர் தெளிக்கும்போது கேமராவை மறந்துவிடாதே. புதுச் சாமான். பூமித்தாய்க்குக் கொடுக்காமல் எடுத்துப் பழகினால் நிலைக்காது.

மரிசெலின் முதல் பின்னலை நான்கு படமாவது எடுக்கச் சொல்.

உன் தம்பி நெமேசியோ


ஒரூரோ
12 பிப்ரவரி 2008

நெமேசியோ,

நீ அனுப்பிய கேமராவை இசித்ரோவிடமே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொள். உங்கள் கடையிலேயே வைத்துப் பூசை பண்ணு.

முதல் நாளிலிருந்தே அது சரியில்லை. பொத்தானை அமுக்கினால் லென்ஸ் பாதி வரை வந்து, கர்ர்ரென்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. நீ சொன்ன மாதிரியே சார்ஜ் போட்டேன், மடியிலும் வைத்துக்கொண்டேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? காலையிலேயே மரிசெலின் தலையை இருபது பின்னலாகப் பிரித்து, இருபதுக்கும் ரிப்பன் கட்டினேன். வெள்ளைக் கவுன் போட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். கூடம் நிறைய ஆட்கள். தட்டில் கத்தரியை வைத்தாயிற்று. எல்லோரும் "எடு, எடு, மொதல்ல ஒரு படம் எடு" என்கிறார்கள். சிரியாக்கோ கேமராவைத் தட்டுகிறார், குலுக்குகிறார், ஊதுகிறார். அது கர்ர்ரென்கிறது. பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கின்றன.

"கேமரா கடைத் தம்பி அனுப்பின கேமரா இதானா?" என்றாள் ஹுஸ்தினா. மெதுவாகத்தான் சொன்னாள். கூடத்தில் கேட்காதவர் ஒருவர் இல்லை.

அத்தானின் அண்ணன் கத்தரியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். சிரியாக்கோவுக்குக் கோபம். "ஞானத்தகப்பனும் இல்ல, போட்டோவும் இல்ல. யாருக்குக் காட்டுறதுக்கு எறக்குறோம்? இன்னொரு நாள் வச்சுக்கலாம், சாப்பிடுங்க எல்லாரும்" என்றார். பன்றிக்கறி தின்றார்கள், குடித்தார்கள், போய்விட்டார்கள். நான் இருபது ரிப்பனையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். "மாமா எப்பம்மா வெட்டுவாரு?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், வெளியூர்க்காரன் என்று பார்த்து என் தம்பி தலையில் கெட்டுப்போன சாமானைக் கட்டிவிட்டார்கள் என்று. அந்த எல்சிரா யாராக இருந்தாலும் நீ விடாதே. உனக்குக் கீழே வேலை பார்க்கிறவள்தானே, கேள் அவளை.

செனோபியா


இக்கிக்கே
18 பிப்ரவரி 2008

அக்கா,

கேமரா நேற்று வந்து சேர்ந்தது. நீ சொன்ன மாதிரியேதான் கத்துகிறது.

பெட்டியைப் பிரித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. மரிசெல் ரிப்பனோடு உட்கார்ந்திருந்ததை நினைத்து நினைத்து ராத்திரி சாப்பிடவில்லை. என்னை விடு, பிள்ளையை இப்படி அலைக்கழிக்கலாமா? வருகிற சனிக்கிழமை இதற்கு ஒரு வழி பண்ணிவிடுகிறேன். பணத்தைக் கேட்கப் போவதில்லை. புதுக் கேமராவும், எல்லோர் முன்னாலும் ஒரு மன்னிப்பும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.

ஹுஸ்தினாவிடம் சொல்லு, அடுத்த கடிதத்தில் பதில் வரும் என்று.

நெமேசியோ


இக்கிக்கே
1 மார்ச் 2008

அக்கா,

இதை எழுத ஒரு வாரமாக உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். எல்சிரா அம்மா என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் சிரிக்காமல் பெட்டியைக் கண்ணாடி மேல் பொத்தென்று வைத்தேன்.

"கெட்ட சாமானை எங்க தலையில கட்டிட்டீங்களே. மலை மேலேருந்து எறங்கி வந்தவன்தானே, இவனுக்கு என்ன தெரியப் போகுதுன்னு நெனச்சீங்களா?"

"என்னப்பா இது? ஒன் கண்ணு முன்னாடிதானே பிரிச்சேன். ரெண்டு படம் எடுத்துக் காட்டலியா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க அக்கா பொய் சொல்ல மாட்டா. நீங்கதான் திருட்டு வேலை பண்ணியிருக்கீங்க."

திருட்டு என்று சொன்னேன் அக்கா. ஐம்பது வயதுக்காரியைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில். மேலாளர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். மாடியிலிருந்து கேமரா பழுது பார்க்கிற ஆளைக் கூப்பிட்டார்கள். அவன் மேலே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான். நான்தான் விடவில்லை. "இங்கயே பிரிங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்று கத்தினேன்.

அவன் சின்னத் திருப்புளியால் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினான். மூடியைத் தூக்கியதும் மூக்கருகே கொண்டுபோனான். பிறகு இடுக்கியை எடுத்து லென்ஸ் ஓரத்திலிருந்து எதையோ பிடுங்கினான். ரோஸ் நிறக் காகிதத் துணுக்கு. அடுத்து ஒரு மஞ்சள். அடுத்து ஒரு பச்சை. வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தான். திருவிழாவில் நாம் தூவுகிற அதே காகிதம்.

"பீரு" என்றான். "உள்ளாற பூரா ஒட்டிக் கெடக்கு. ஏம்ப்பா, ஒங்க ஊருல கேமராவுக்கும் ஞானஸ்நானம் குடுப்பீங்களா?"

கடையே சிரித்தது. ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக் காட்டி, "பாரு, கேமரா பீர் குடிச்சிருக்கு" என்றாள். எல்சிரா அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவரும் சிரித்திருந்தால் நான் எப்படியாவது தாங்கியிருப்பேன். அந்தத் துணுக்குகளைத் தாளோடு மடித்து என் கையில் வைத்து, "எடுத்துட்டுப் போ" என்றார். அவ்வளவுதான்.

தெளிக்கச் சொன்னது நான். அந்த முட்டாள்தனம் என்னுடையது. ரேடியோவுக்கு, தையல் மிஷினுக்கு, லாரிக்கு என்று எல்லாவற்றுக்கும் ஊற்றியே பழகிய வீட்டுக்கு, ஒரு மூலையில் நாலு சொட்டு விடு என்று எழுதியிருக்க வேண்டும். தோன்றவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நான் கேமரா கடையில் வேலை பார்க்கவில்லை. ஒரு நாளும் பார்த்ததில்லை. மூன்றாம் கிடங்கில் லோடுமேன். ஃபிரிட்ஜ், துணி மூட்டை, டயர் என்று லாரியிலிருந்து இறக்கி லாரியில் ஏற்றுகிறேன். ஜனவரியில் நான் எழுதிய கேமரா ஞானம் எல்லாம் எல்சிரா அம்மாவுடையது. மூன்று கேமராக்களை வரிசையாக வைத்தவர் அவர். எங்கே எடுக்கப் போகிறாய், யார் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டவரும் அவர். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பதில் சொன்னேன். நம்மூர் வெயிலில் திரை தெரியாது என்று அவர்தான் யோசித்துச் சொன்னார், நம்மூரைப் பார்க்காதவர். ஒரு லோடுமேனுக்காக முக்கால் மணி நேரம் நின்றார். அவரைத்தான் எனக்குக் கீழே வேலை பார்க்கிற பெண் என்று உனக்கு எழுதினேன். அவரைத்தான் திருடி என்றேன்.

முதலாளி லீவு தரமாட்டார் என்றதும் பொய். ஊருக்கு வந்து சட்டையைக் கழற்றினால் தோளில் சுமைப் பட்டை அறுத்த தழும்பு இருக்கிறது. கவுண்ட்டரில் நிற்கிறவனுக்கு அது எப்படி வந்தது என்று அத்தான் கேட்பார். அதற்குப் பயந்துதான் என் மருமகளின் முதல் பின்னலை வேறொருவர் கையில் கொடுத்தேன்.

இப்போது அந்தக் கடை வழியாகப் போவதில்லை. கிடங்குக்குச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேமரா எதனால் கெட்டது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்று எழுது, நம்பிவிடுகிறேன்.

நெமேசியோ


ஒரூரோ
9 மார்ச் 2008

தம்பி,

தெரியும்.

தெளிப்புச் செவ்வாயன்று மேசையில் கேமராவை வைத்து, கழுத்தில் காகிதச் சுருள் மாலை போட்டு, எல்லோரும் சுற்றி நின்றோம். சிரியாக்கோ கொஞ்சமாகத்தான் விட்டார். "என்னங்க கஞ்சத்தனம், என் தம்பி சீரு" என்று சொல்லி பாட்டிலைப் பிடுங்கி நான்தான் ஊற்றினேன். பிறகு பொத்தானை அமுக்கியதும் அது கத்தியது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன், வெயிலில் வைத்தேன். துணியை ஊசியில் சுற்றி இடுக்கெல்லாம் துடைத்தேன். வாசனை போகட்டும் என்று ஆரஞ்சுத் தோல் கூடத் தேய்த்தேன். ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை நின்றுவிட்டதும் என் பெயர் வெளியே வராமல் இருக்க உன் கடையை இழுத்தேன். உன்னை முகம் தெரியாத ஒருத்தியோடு சண்டைக்கு அனுப்பினேன். நீ போய் எங்க அக்கா பொய் சொல்ல மாட்டா என்று சொல்லியிருக்கிறாய். அந்த வரியை என்னால் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை.

ஆனால் இது பெரிதே இல்லை. பெரியதை இப்போது எழுதுகிறேன். சிரியாக்கோவுக்குக் கூடத் தெரியாது.

நீ லோடுமேன் என்பது எனக்குப் போன ஆகஸ்ட் மாதமே தெரியும்.

ஹுஸ்தினாவும் இன்னும் இரண்டு பேரும் கம்பளி வாங்க இக்கிக்கே போனபோது நானும் போனேன். உன்னிடம் சொல்லவில்லை, திடீரென்று வந்து நிற்கலாம் என்று ஆசை. உனக்கு ஒரு பாலாடைக்கட்டி கட்டி எடுத்துக்கொண்டேன். கடை கடையாக உன்னைத் தேடினோம். கிடங்குப் பக்கம் வந்தபோது, முதுகில் ஃபிரிட்ஜைச் சுமந்துகொண்டு ஒருவன் லாரியிலிருந்து இறங்கினான். முகம் தெரியவில்லை, ஆனால் கால் வைக்கிற விதம் தெரிந்தது. அப்பா மாதிரி வலது பாதம் வெளியே பார்க்கும். ஃபிரிட்ஜை வைத்துவிட்டு நிமிர்ந்தாய். உடம்பெல்லாம் தூசி.

"செனோபியா, அது ஒன் தம்பி இல்ல?" என்று ஹுஸ்தினா கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அவள் கேட்டு முடிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது. "என் தம்பி கேமரா கடையில இருக்கான், இவனெல்லாம் யாரோ" என்றும் சேர்த்துச் சொன்னேன். யாரோ என்றேன் உன்னை. அவர்களை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். நீ கூச்சப்படுவாய் என்றுதான் கூப்பிடவில்லை என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். எனக்குத்தான் கூச்சம். அந்தப் பாலாடைக்கட்டியை வழியில் நாங்களே தின்றோம். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதலாம்தான். இறங்கியது, நன்றாகவே தின்றேன்.

கேமரா கேட்டதும் அதனால்தான். இல்லை என்று சொன்னேனே, அதை நிரூபிக்க வேண்டும். கேமரா கடைத் தம்பியிடமிருந்து ஒரு கேமரா வந்து ஹுஸ்தினா கண் முன்னால் மின்ன வேண்டும். உன்னிடம் இல்லாத வேலையிலிருந்து ஒரு சாமானை வரவழைத்தேன். அது கெட்டதும் எங்கே எல்லாம் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து இன்னொரு பொய் சொன்னேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஹுஸ்தினாவிடம் போய், அன்றைக்குக் கிடங்கில் நின்றது என் தம்பிதான் என்றேன். கம்பளியை மடித்துக்கொண்டே, "தெரியும்டி" என்றாள். "அன்னைக்கே தெரியும். நீ இல்லேன்னியே, ஒனக்காக எனக்குத்தான் வெக்கமாப் போச்சு."

மரிசெலின் தலை இன்னும் அப்படியேதான் இருக்கிறது, யாரையும் தொட விடவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நான் அங்கே வருகிறேன். நீ வெட்டு. ஹுஸ்தினாவும் வருகிறேன் என்கிறாள். கிடங்கு வாசலிலேயே வந்து நிற்கிறேன், இந்தத் தடவை கூப்பிடுகிறேன்.

வர வேண்டாம் என்று நீ எழுதினால் எனக்குப் புரியும்.

அக்கா


இக்கிக்கே
30 மார்ச் 2008

அக்கா,

மூன்று வாரம் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று எழுதிப் பார்த்தேன், கிழித்துப் போட்டேன். கோபம்தான். ஃபிரிட்ஜைத் தூக்கும்போதெல்லாம் யாரோ, யாரோ என்று காதில் கேட்டது. ஆகஸ்டில் எந்த நாள் என்று கூட யோசித்துப் பார்த்தேன். எத்தனையோ ஃபிரிட்ஜ் இறக்கியிருக்கிறேன், கண்டுபிடிக்க முடியவில்லை. நீ அவ்வளவு பக்கத்தில் நின்றிருக்கிறாய். நான் திரும்பியிருந்தால் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் நானும் லாரிக்குப் பின்னால்தான் ஒளிந்திருப்பேன் அக்கா. இது புரிந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை எல்சிரா அம்மாவின் கடைக்குப் போனேன். கூட்டம் வரட்டும் என்று வெளியே காத்திருந்தேன், ஏனென்றால் திட்டியது கூட்டத்தில். உள்ளே போய்த் தொப்பியைக் கழற்றி, "தப்பு எங்க மேலதான், ஒங்களைத் திருடின்னு சொன்னது பெரிய பாவம்" என்றேன். வார்த்தை பாதிக்கு மேல் வரவில்லை. அவர் கவுண்ட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு முடி எறக்கியாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "சனிக்கிழமையா இருந்தா எனக்குச் சொல்லு. என் சொந்தக் கேமராவை எடுத்துட்டு வர்றேன். பீர் பக்கம் மட்டும் என்னை விடாதீங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை வா. என் அறை சின்னது, நாற்காலி ஒன்றுதான், பிள்ளை உட்கார அது போதும். பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் கிடங்கில் ஆட்கள் எல்லோரும் சாப்பாட்டுக்கு வாசலுக்கு வருவார்கள். நான் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கப் போவதில்லை. தூசியோடுதான் வருவேன். அப்போதே கூப்பிடு.

கூப்பிடும்போது ஒன்று செய். அப்பா வழிப் பெயரையும் அம்மா வழிப் பெயரையும் சேர்த்து, முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடு, சத்தமாக. எட்டு வருடமாக இந்த அன்னிய நாட்டில் என்னை எல்லோரும் நம் நாட்டுப் பெயரைச் சொல்லி "ஏய், பொலிவியா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஒரு பெயர் இருப்பது அவர்களுக்கும் தெரியட்டும்.

நெமேசியோ கொந்தோரி அயாவிரி